கூடையிலிருந்து விழுந்த தண்ணீர்

ஹட்டனில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சதுக்கம் கட்டுவதென்று பட்டினசபை முடிவு செய்தபோது, வேலை என் தலையில் விழுந்தது. சபையில் படம் வரைபவன் நான் ஒருவன்தான். வட்டமாக ஒரு தடாகம், சுற்றிலும் உட்காரக் கல்மேடை, நடுவில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சிலை. அவள் முதுகுக் கூடையின் அடியிலுள்ள குழாய் வழியே தண்ணீர் தடாகத்தில் விழவேண்டும். நன்றாகத்தான் வரைந்தேன், அந்தக் கர்வம் இன்னும் போகவில்லை.

சிலைக்கு அக்காளையே நிற்க வைத்தேன். தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் கூடையை மாட்டிக்கொண்டு நிற்பாள். சிமெந்து வேலை தெரிந்த சிங்களக் கொத்தனார் பாஸ் ஒருவர் அவள் முகத்தைக் களிமண்ணில் பிடிப்பார். அப்போது வீட்டில் ஒரே பேச்சுதான். எனக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அக்காளின் கணவர், என் மச்சான், கேட்டதற்குப் பதில் வரவில்லை. அவருக்கு இல்லையென்றால் அக்காளும் பிள்ளைகளும் அவரோடு இந்தியா போகவேண்டியதுதான்.

"வெறுங்கூடையோடவா என்னைய நிக்க வைக்கப் போற?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள். "ஒரு பிடி கொழுந்தாவது போடச் சொல்லு தம்பி."

"கொழுந்து கெடந்தா தண்ணி எப்புடிக்கா போகும்? குழா அடச்சிக்கும்."

"இப்புடித் தண்ணி கொட்டுற கூடைக்கு எம்புட்டு ராத்தல் கழிப்பாங்களோ" என்று சிரித்தாள். மழை நாளில் ஈரக் கொழுந்துக்கு எடை கழிப்பது தோட்டத்தில் எல்லோருக்கும் இருந்த வயிற்றெரிச்சல்.

காலையில் மலையேறியதும் முதல் பிடியைக் கூடையில் போடும்போது, கூடை நிறைந்து பெருகவேண்டும் என்று பெண்கள் "பொலியோ பொலி" சொல்வார்கள். அதைச் சொல்லாமல் அக்கா ஒருநாளும் பறித்ததில்லை.

திறப்பு விழாவில் சபைத் தலைவர், இந்தப் பெண்தான் நாட்டின் பெருமை என்று பேசினார். அடுத்த மாதமே மச்சானுக்கு இல்லையென்று பதில் வந்தது. சிமெந்து அக்கா இருக்கலாம், என் அக்கா இருக்கக்கூடாது. வந்த ஆத்திரத்தை யாரிடம் போய்க் காட்டுவது?

இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போக ரயிலேற வந்த காலையில், அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தடாகத்தில் இறங்கினாள். முழங்காலளவு தண்ணீர், நடுக்கும் குளிர். மடியிலிருந்து ஒரு பிடி கொழுந்தை எடுத்து, எட்டிக் கூடைக்குள் போட்டாள்.

"பொலியோ பொலி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு ஈரக்காலோடு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

மறுநாள் குழாய் அடைத்துக்கொண்டது. கூடை நிரம்பி, சிலையின் தோளிலும் முதுகிலும் தண்ணீர் வழிந்தது. மழையில் பறிப்பவள் போலவே நின்றாள். பஸ்ஸுக்குக் காத்திருந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி, "இப்பத்தான் நம்ம ஆளு மாதிரி இருக்கா" என்றாள். தலைவருக்கோ அது அசிங்கமாகப் பட்டது. உடனே சரி செய்யச் சொன்னார்.

வேறு யாரையும் விடாமல் நானே இறங்கிக் கூடைக்குள் கைவிட்டேன். பச்சை மாறாத கொழுந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அக்கா கிள்ளியது. எல்லாவற்றையும் எடுத்தேன். தண்ணீர் பழையபடி ஒழுங்காகத் தடாகத்தில் விழுந்தது, அக்கா வெறுங்கூடையோடு நின்றாள்.