ஆட்டுக் கருப்பசாமி தலையில் ஒரு டிராக்டர்

இ-சேவை மையத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு தப்பைச் சுமந்துகொண்டுதான் வருவார்கள். அந்தத் தப்பைச் செய்தவர் மட்டும் ஒருநாளும் வரமாட்டார்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பதினோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். பட்டா, ஆதார், ரேஷன் கார்டு என்று திருத்தாத தப்பில்லை. ஆனால் கடன் ரிப்போர்ட்டைத் திருத்தப் போய் நான் பட்ட பாடு, இந்த மாதிரி ஏதாவது ஒரு வரிசையில் நின்று கால் கடுத்த உங்களுக்குத்தான் புரியும்.

நாலு பொருத்தம்

நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கருப்பசாமி அண்ணாச்சி வந்தார். மகள் செல்விக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஃபீஸ் கட்ட நாற்பது நாள் கெடு. கல்விக்கடன் கேட்டுப் போனால், அண்ணாச்சியின் கடன் ஸ்கோர் சரியில்லை என்று பேங்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஆடு வாங்கிய கடனை ஒரு தவணை பிசகாமல் கட்டியிருக்கிறார். அதற்குக் கீழே, கட்டாமல் கிடக்கும் டிராக்டர் கடன் ஒன்று. அண்ணாச்சிக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.

விசாரித்தால், அதே ஊரில் இன்னொரு கருப்பசாமி இருக்கிறார். சாமி பேரை விட்டால் வேறு பேர் வைக்காத ஊர் என்பதால் இரண்டு பேரின் அப்பாவும் மாடசாமி. பின்கோடும் ஒன்று. பிறந்த தேதியுமா ஒன்றாக இருக்கும் என்றேன். இருந்தது. இருவரும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்களாம். வாத்தியார் அன்றைக்கு வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தேதியை எழுதிவிட்டாராம். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் அமையாது. அண்ணாச்சிக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. "அவன் டிராக்டர் கருப்பசாமி, நான் ஆட்டுக் கருப்பசாமி. ஊருல சின்னப்பிள்ளையக் கேட்டாலும் சொல்லும். ஒங்க கம்ப்யூட்டரு யாரையும் கேக்காதோ?"

பாட்டுக் கேட்ட அரைமணி நேரம்

ஆன்லைனில் புகார் போட்டேன். பதினெட்டாம் நாள் பதில் வந்தது. கடன் கொடுத்த பேங்க் விவரம் சரி என்று சொல்லிவிட்டதாம், அதனால் மாற்றமில்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு மவுஸைத் தூக்கி எறிந்திருப்பேன். எறிந்தால் நான்தான் புதிது வாங்க வேண்டும்.

அந்த பேங்கின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அரைமணி நேரம் நானும் அண்ணாச்சியும் பாட்டுக் கேட்டோம். கடைசியில் ஒரு பெண் பேசினாள். இந்தக் கடன் இவருடையது இல்லை என்றேன். தாராளமாகப் பதியலாம் என்று அன்பாகச் சொன்னாள். "கடன் கணக்குல இருக்கிற மொபைலுக்கு ஒரு ஓடிபி வரும் மேடம். சார் அதைச் சொன்னா, இந்தக் கடன் சாரோடது இல்லைன்னு பதிஞ்சுக்கிறேன்."

நடுவில் நான்

அந்த பேங்க் கிளைக்கே நேரில் போனோம். அந்தக் கடன் தன்னுடையதுதான் என்று டிராக்டர்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒரு வாரத்தில் சரிசெய்வதாக அதிகாரி சொன்னார். ஆட்டுக் கருப்பசாமிக்கு முகம் செத்துவிட்டது. வரப்புத் தகராறில் இருவருக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. அதனால் நானும் கூடப் போனேன். டிராக்டர்காரர் வீட்டு வாசலில் மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, "தங்கச்சி, அவன்ட்ட கேளுங்க" என்று இவரும், "தங்கச்சி, அவன்ட்ட சொல்லுங்க" என்று அவரும் பேசினார்கள். இருவர் சொன்னதையும் நான் இன்னொரு தடவை சொன்னேன்.

டிராக்டர்காரர் யோசித்ததிலும் நியாயம் இருந்தது. மழையில்லாமல் தவணை நின்றபோதும் அவருக்கு பைக் கடன் சுலபமாகக் கிடைத்தது. டிராக்டர் கடன் இவர் ரிப்போர்ட்டில் ஏறாமல், ஆட்டுக்காரர் ஒழுங்காகக் கட்டிய ஆட்டுக் கடன் இதிலும் ஏறியிருந்ததுதான் காரணம். "பேங்க்ல என்னய உக்காரச் சொன்னது அந்த ஒருநாளுதான் தங்கச்சி" என்றார். கையெழுத்துப் போட்டால் இனிமேல் விதை வாங்கக்கூடக் கடன் கிடைக்காது என்பதை நான் மறைக்கவில்லை. மறைத்தால் என்ன என்று தோன்றியது, அதுவும் உண்மை.

கையெழுத்துக்காக நான் கொடுத்த தாளை அவர் மடித்து என்னிடமே நீட்டினார். "எதுக்காம் அவனுக்கு இப்பக் கடன்?" செல்வியின் நர்சிங் சீட்டைச் சொன்னேன். நீட்டிய கை அப்படியே நின்றது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஆட்டுக்காரரை நேராகப் பார்த்தார். "ஏலே, இதை மொதல்லயே சொல்லுததுக்கு என்ன? ஒங்கூடத்தாம்ல எனக்குச் சண்டை. அந்தப் பிள்ளகூடவா?"

இருபது ரூபாய் பிரிண்ட்

கெடுவுக்கு முந்தின நாள் கடன் கிடைத்து, செல்வி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். மறுவாரம் டிராக்டர் கருப்பசாமி தனியாக வந்து தன் ரிப்போர்ட்டைக் கேட்டார். காசு வேண்டாம் என்றேன். இருபது ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுத்தான் தாளைத் தொட்டார். ஆட்டுக் கடன் போயிருந்தது. டிராக்டர் கடன், தவறிய தவணை ஒவ்வொன்றோடும் வந்து உட்கார்ந்திருந்தது. விரல் வைத்து மெதுவாகப் படித்தார். நான் பிரிண்டரைத் துடைத்தேன். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப இனிமே நானே கட்டுனாத்தான் உண்டாக்கும்?"

இப்போது இருவரும் யாரையும் நடுவில் வைக்காமல் நேருக்கு நேராகவே வரப்புச் சண்டை போடுகிறார்கள் என்று கேள்வி. என் தொழிலில் இதைத்தான் ‘புகார் தீர்ந்தது’ என்று பதிந்துகொள்வோம்.