பட்டினி போட்ட குளம்

மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் வானம் மப்பாகவே கிடந்த வாரம் அது. விடிந்ததும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் பண்ணைக் குளத்துக்குப் போனேன். இறால்கள் கரையோரம் வந்து ஒண்டிக் கிடந்தன. கையை விட்டாலும் ஓடவில்லை. சிலவற்றின் ஓட்டில் ஊதுபத்தியால் சுட்டதுபோல் கரும்புள்ளிகள்.

இந்தக் குளத்தை நம்பித்தான் என் கணவர் சிங்கப்பூர் வேலையை விட்டு வந்தார். இறால் செத்தால் மறுபடி போய்விடுவார். மகள் இப்போதுதான் அவரிடம் அழாமல் போகிறாள்.

"மருந்து வாங்கியாரவா?" என்றார் அவர்.

மீன்வளத் துறை அலுவலரைப் போனில் பிடித்தேன். "மருந்துக்கு ஓடாதீக. கிருமி எல்லாக் குளத்துலயும் இருக்கும். தண்ணி நல்லாருந்தா இறாலே தாங்கிக்கிரும். மப்புல தண்ணியில காத்து கொறஞ்சு போச்சு. மிஞ்சுன தீவனம் வேற அடியில அழுகுது. அப்புறம் எப்புடி எதிர்ப்புச் சக்தி இருக்கும்? தீவனத்த நிப்பாட்டி, தண்ணிய மாத்துங்க."

குளத்துக்குள் இறக்கியிருந்த தீவனத் தட்டைத் தூக்கினேன். நேற்றுப் போட்டது கூழாகி நாறியது.

அதற்குள் மாமியார் தீவன வாளியோடு வந்துவிட்டார். "வாயில்லாச் சீவனப் பட்டினி போடணுமா? அந்த ஆபீசர் வீட்டுல ஒல வைக்கிறதில்லையா?"

"போடாதீக அத்தை."

"பிள்ளையவும் இப்புடித்தான் காய வச்சிருக்க. படிச்சவ!"

வாளியை வாங்கி வைத்துவிட்டேன். பசித்தால் இறால்கள் ஒன்றையொன்று தின்றுவிடுமோ? மகள் மெலிந்திருப்பதும் என்னால்தானோ?

மாற்றுவதற்கு விடும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் காற்று இருக்காது என்று அலுவலர் சொல்லியிருந்தார். வீட்டுக்குத் தளம் போட்டபோது உடைந்த ஆத்தங்குடிக் கற்களைக் கணவர் குழாய்க்கடியில் குவித்தார். தண்ணீர் அதில் அடித்துச் சிதறி, நுரைத்துக்கொண்டு குளத்தில் இறங்கியது. மறுபக்கம் அடித் தண்ணீரை வெளியே விட்டோம். மறுநாளும் கரையில் இறால்கள் கிடந்தன. அவர் யாரிடமோ சிங்கப்பூர் வேலை பற்றிப் போனில் பேசுவது காதில் விழுந்தது. நான் மிஞ்சிய கற்களை எடுத்துக் குழாய்க்கடியில் போட்டேன்.

வெயில் எட்டிப்பார்த்த காலையில் கரை வெறிச்சோடிக் கிடந்தது. ஆழத்துக்குப் போய்விட்டனவா, அடியில் செத்துக் கிடக்கின்றனவா? தட்டைத் தூக்கினேன். கரும்புள்ளியோடு ஓர் இறால்.

"செத்துருச்சா?" மாமியார் குரல் இறங்கியிருந்தது.

எடுத்துப் பார்த்தேன். கையில் கனமே இல்லை. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் ஓடு.

"இல்ல அத்தை. சட்டை உரிச்சுட்டுப் போயிருக்கு. புள்ளியும் ஓட்டோட போயிருச்சு, தெம்பு வந்தாத்தான் உரிக்கும்."

அவர் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இன்னிக்கித் தீவனம் போடலாமா?"

"இன்னிக்கும் வேணாம் அத்தை," என்றேன். சரியாகத்தான் சொன்னேனா என்று தெரியவில்லை. கொண்டுவந்த தீவன வாளியை மாமியாரே திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.