கழற்றி மாட்டும் ஸ்டியரிங்

என் மனைவி கல்வராயன் மலையில் கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்தாள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், ஒன்றுக்கொன்று தள்ளிக் கிடக்கும் ஊர்களுக்கு, தடுப்பூசிப் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போய் வருவாள். ஓர் ஐப்பசி மழையில், கொண்டை ஊசி வளைவில் நனைந்து கிடந்த சருகின் மேல் ஸ்கூட்டர் வழுக்கியது. இடது முழங்கால் சில்லு நொறுங்கிவிட்டது. சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு கூடியது; மடக்கம் திரும்பவில்லை. கால் கொஞ்சம் மடங்கும், அதற்கு மேல் யாரோ உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டதுபோல நின்றுவிடும்.

அதன்பிறகு கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். மலையில் மற்றவர்கள் போட்ட ஊசிகளை இவள் இங்கே பதிவு செய்தாள். ஷேர் ஆட்டோவில் அவள் கால் மட்டும் தனியாக நீண்டுகொண்டிருக்கும். ஏறுகிறவர்கள் தடுக்குவார்கள். தடுக்கியவர்களிடம் இவள் மன்னிப்புக் கேட்பாள். என்னிடம் இருந்த குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியிலும் அவளால் உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்காருவதுபோல முட்டியை மடக்கித்தான் அதில் உட்கார வேண்டும்.

எனக்கு அதே ஊரில், துருகம் ரோட்டில் லேத் பட்டறை. டிராக்டர் கலப்பை, சேற்று உழவுக்கான கேஜ் வீல், மோட்டார் ஷாஃப்ட் என்று வயல்காரர்களின் வேலைதான் எல்லாம். நைனார்பாளையம் பக்கம் ஒரு பழைய ரைஸ் மில்லை இடித்தபோது, அதன் மெஷின்களைக் கழற்றிக் கொடுக்கப் போனேன். தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டே இருக்கை, மேல்கூரை கிடையாது, நீளமான மூக்கு. மில்காரரின் தகப்பனார் பாண்டிச்சேரியில் யாரிடமோ வாங்கியதாம். என் கூலிக்குப் பதிலாக அதை இழுத்துக்கொண்டு வந்தேன்.

"ரெண்டு பேருக்கு மேல குந்த முடியாது. மழை வந்தா நனையணும். இத்த இன்னாங்க பண்ணப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

எனக்கே தெரியவில்லை. ஆனால் வேலை குறைவான நாட்களில் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். இஞ்சினை இறக்கி ஏற்றினேன். பிரேக் முழுவதும் புதிதாகச் செய்தேன். விரிசல் விட்டிருந்த பெரிய கறுப்பு ஸ்டியரிங்கைப் பொறுமையாகப் பூசித் தேய்த்து, தண்ணீர்போல வழவழவென்று ஆக்கினேன். சில வருஷங்கள் ஓடின. வண்டி உறுமி எழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நிற்கக் கால் வலித்திருக்க வேண்டும். ஊன்றுகோலை ஓரமாகச் சாய்த்துவிட்டு, இடது பக்கக் கதவைத் திறந்து காரில் உட்கார்ந்தாள். முதலில் உடம்பு, பிறகு ஒவ்வொரு காலாக. நான் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"ஏங்க, வலிக்கலைங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். அந்தக் காரில் இருக்கை தரையோடு தரையாக இருக்கும். பாயில் உட்கார்ந்து காலை நீட்டியதுபோல இரண்டு காலும் நேராகக் காரின் மூக்குக்குள் போய்விடும். முட்டி மடங்க வேண்டிய அவசியமே இல்லை. இத்தனை வருஷம் அதன் ஒவ்வொரு மரையையும் தொட்ட எனக்கு இது தோன்றவே இல்லை.

அன்று மாலை அவளைக் கோமுகி அணைவரை கூட்டிப்போனேன். அணைக்கரையில் வண்டியை நிறுத்தியதும், "நான் அந்தப் பக்கம் குந்தட்டுமா?" என்று கேட்டாள்.

அங்கேதான் முட்டுக்கட்டை. ஓட்டுநர் பக்கம் ஏறும்போது முதலில் உள்ளே போக வேண்டியது இடது கால். மடங்காத கால், கதவுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் நுழைய வழியில்லை. பெரிய வளையம் தொடையிலேயே வந்து முட்டியது. இரண்டு மூன்று விதமாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சரி, வுடுங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸ்டியரிங்கைச் சின்னதாக்கினால் போதும் என்று நினைத்தேன். சென்னையிலிருந்து தோல் சுற்றிய ஒரு சின்ன ஸ்டியரிங் வரவழைத்தேன். பழையதன் பக்கத்தில் வைத்தால் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் டிபன் தட்டு வைத்ததுபோல இருந்தது. முன்சக்கரங்களை நேராக வைத்து, பேட்டரி வயரை எடுத்துவிட்டு, ஹாரன் மூடியைப் பெயர்த்து, நடு நட்டைத் தளர்த்தினேன். நட்டை முழுதாகக் கழற்றக் கூடாது, ஓரிரு மரை பிடிமானம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கிற வேகத்தில் வளையம் நம் மூக்கை உடைக்கும். எவ்வளவு இழுத்தும் வரவில்லை. எண்ணெய் விட்டு, இழுத்துக் கழற்றும் புல்லர் போட்டு, மெதுவாக முறுக்கியபோது பட்டாசுபோல ஒரு சத்தத்துடன் விட்டது.

புதிய ஸ்டியரிங்குடன் வந்த நடுத்துண்டின் பற்கள் இந்தக் காரின் ஸ்டியரிங் தண்டில் பொருந்தவில்லை. பழைய வண்டி, பழைய கணக்கு. பொருந்தும் பற்கள் உலகத்தில் ஒரே இடத்தில்தான் என் கைக்கு எட்டும்படி இருந்தன: நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்த பழைய ஸ்டியரிங்கின் நடுவில். அதை அறுக்க வேண்டும்.

நான் தயங்கியதை மனைவி பார்த்துவிட்டாள். "வேணாங்க. அத்த எவ்ளோ நாளா தேச்சிங்க" என்றாள்.

வளையத்தை அறுத்தேன். பற்கள் இருந்த நடுக்குடத்தை லேத்தில் பிடித்து, முகத்தைச் சமமாகச் சீவி, துளை போட்டு, புதிய ஸ்டியரிங் உட்காரும்படி செய்தேன். எல்லாவற்றையும் தண்டில் ஏற்றி முறுக்கியபின் அவளைக் கூப்பிட்டேன்.

தொடை உள்ளே நுழைந்துவிட்டது. முட்டி தட்டியது. இரண்டு விரல் இடம் போதவில்லை. அவள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். அந்த அறுத்த வளையத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சாக்குக்கடியில் தள்ளினேன்.

மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது சக்கரம் நேராக இருந்தும் ஸ்டியரிங் கொஞ்சம் கோணலாக நின்றது. ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய மறுபடி கழற்றினேன். அந்த நேரம் ஒரு விவசாயி உடைந்த கொக்கியோடு வர, அவரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தேன். மனைவி பின்பக்கமாக வந்ததை நான் கவனிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் அவள் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். இரண்டு காலும் நேராக நீண்டு பெடல்களின் மேல் இருந்தன. முன்னால் வெறும் தண்டு மட்டும். மடியில் அந்தச் சின்ன ஸ்டியரிங்.

"இது இல்லன்னா ஈசியா போவுதுங்க" என்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "ஒவ்வொரு வாட்டியும் கழட்டி வெச்சிட்டு குந்தி, அப்பால மாட்டிக்கினா இன்னா?"

வந்த விவசாயி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தயக் கார்களில் அப்படித்தான் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். நெருக்கமான கூண்டுக்குள் ஏறுவதற்காக, நொடியில் கழன்று நொடியில் மாட்டிக்கொள்ளும் ஓர் இணைப்பு உண்டு. கோயம்புத்தூரில் கிடைக்கும். தெரிந்திருந்தும் அதை இவள் காலோடு சேர்த்து நான் யோசிக்கவில்லை. அவளோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், தன் காலை வைத்து அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் கணம் அவளை நான் புதிதாகப் பார்ப்பதுபோல நின்றேன்.

கோயம்புத்தூர் இணைப்பு வந்தது. கையகலம்தான். அதன் பின்பக்க வளையத்தை நம் பக்கமாக இழுத்தால் ஸ்டியரிங் கழன்று கையில் வரும். வைத்து அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். என் நடுக்குடத்தில் அதை ஏற்றி, காலை டேஷ்போர்டில் உதைத்துக்கொண்டு முழு பலத்தோடு ஸ்டியரிங்கை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. இருந்தாலும் பயமாகத்தான் இருந்தது. இத்தனை எடை, இத்தனை வேகம், எல்லாம் அந்த ஒரு 'டக்'கை நம்பி.

ஹாரன் ஒரு பிரச்சினையானது. கழன்று வரும் ஸ்டியரிங்கில் வயர் நிற்காது. பக்கத்து எலக்ட்ரிக் கடைக்காரர் வந்து பார்த்தார்.

"அண்ணே, மலைக்கு ஹாரன் இல்லாம போவக் கூடாது. பட்டனை டேஷ்போர்டுல வெச்சிடலாம். அக்கா வெரல நீட்டனா எட்டணும், அவ்ளோதான்" என்றார். அவளை உட்கார வைத்து, அவள் விரல் நீண்ட இடத்தில் துளை போட்டார்.

டாக்டர் சான்றிதழ், ஆர்.டி.ஓ. அலுவலகம் எல்லாம் முடிந்தபிறகு, சோளம் காயவைக்கும் களத்தில் பழகினாள். முட்டி மடங்காததால் கிளட்சை இடுப்பிலிருந்து மிதித்தாள். ஸ்டியரிங் சின்னதாகிவிட்டதால் திருப்புவது முன்னைவிடக் கனம். தோள்பட்டை வலித்தது. ஒவ்வொரு முறை மாட்டியதும் இரண்டு கையாலும் ஒருமுறை தன் பக்கம் இழுத்துப் பார்ப்பாள். அது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம். நான் சொல்லித் தரவில்லை.

தை பிறந்தபின் ஒரு காலையில், "மலைக்குப் போலாங்க" என்றாள்.

கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியது. நான் இடது பக்கம். கூரை இல்லாததால் மலை எங்கள் தலைமேலேயே இருந்தது. மூங்கில் புதர்கள் தோளை உரசுவதுபோல வந்து போயின. தரைக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து நான் அந்த ரோட்டில் போனதில்லை. பஸ்ஸில் போகும்போது வெறும் குலுக்கலாக இருந்த ஒவ்வொரு கல்லும், இப்போது அவள் கை வழியாக எனக்குத் தெரிந்தது. ஸ்டியரிங் லேசாகத் துடிக்கும், அவள் மணிக்கட்டு பதில் சொல்லும்.

அவள் விழுந்த வளைவு வந்தது. ஹாரனை நீளமாக அடித்தாள். மேலேயிருந்து இறங்கி வந்த ஜீப் ஒன்று ஒதுங்கி நின்றது. இரண்டு தோளையும் கொடுத்து ஸ்டியரிங்கை வளைத்தாள். நீண்ட மூக்கு பள்ளத்தாக்கின் வெறும் வானத்தைக் காட்டி, பிறகு மெதுவாகத் திரும்பி, ரோட்டைப் பிடித்தது. ஜீப்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். காரையா அவளையா என்று தெரியவில்லை.

வெள்ளிமலையைத் தாண்டி, சாமைக் கதிர் அறுத்த கொல்லைகளுக்கு நடுவே ஓர் ஊரில் நிறுத்தினாள். சத்தம் கேட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். ஓட்டி வந்தது யாரென்று முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருத்தி, "எம்மாடி, நம்ம நர்ஸம்மாடி!" என்று கத்தினாள்.

மனைவி ஸ்டியரிங்கைக் கழற்றி, கிட்டே வந்தவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். வாங்கியவள் மிரண்டுபோய், "இன்னாம்மா, வண்டி தலைய கழட்டி எங்கிட்ட குடுக்கற!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் அதைக் கீழே வைக்கவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு வாங்கிய தட்டைப்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டே, என் மனைவிக்குப் பின்னால் நடந்தாள்.

நான் காரிலேயே இருந்தேன். ஒரு வாசலில் கைக்குழந்தையை அவள் மடியில் போட்டார்கள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், தொடையைத் தொட்டுப் பார்த்தாள். "எத்தினி ஊசி போட்டாச்சி? மூணாவது போடலையா? ஏன் போடல?" என்று அவள் அதட்டுவது கார் வரைக்கும் கேட்டது. சேலத்து ஆஸ்பத்திரிக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

அடுத்த வாரமே மலைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். உடனே கிடைக்கவில்லை. அதிகாரி காலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எப்படிப் போவீர்கள் என்று கேட்டார். "வெளிய வாங்க சார், காட்டறேன்" என்று கூட்டிப்போய், அவர் கண்ணெதிரில் ஏறி உட்கார்ந்து, மாட்டி, இழுத்துப் பார்த்து, அலுவலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்தினாளாம். வாரத்தில் சில நாள் மலை, மற்ற நாள் கம்ப்யூட்டர் என்று உத்தரவு வந்தது.

மழை நாட்களில் போகக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. மற்ற நாட்களில் காலையில் பட்டறை வழியாகத்தான் போகிறாள். தடுப்பூசிப் பெட்டி நான் உட்கார்ந்த இடத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. தூரத்தில் உறுமல் கேட்டதும் லேத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவேன். அவள் நிற்பதில்லை. ஹாரனை ஒருமுறை தட்டிவிட்டு, மலை இருக்கும் பக்கம் திரும்பிவிடுகிறாள்.