சின்னத்தைக்குப் பக்கத்து மிஷின்

குளத்தூர்ப் பக்கத்துச் சட்டைக் கம்பெனியில் பிசிறு வெட்டச் சேர்ந்தவள் ரோஷன் பேகம். சாப்பாட்டு நேரத்தில் சும்மா கிடக்கும் மிஷின்களில் உட்கார்ந்து, கழிவுத் துணியில் தைத்துத் தைத்தே எல்லா வேலையும் பழகினாள். இன்று ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். அரைகுறை வேலை அவளுக்கு ஆகாது. ஆளை அரைகுறையாக எடை போடுவதும் ஆகாது.

இந்த முறை மதிப்பீட்டில் அவள் லைனிலிருந்து ஒரு பெயர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. சட்டைக்குக் கை இணைக்கும் அழகி.

"டார்கெட்டத் தொடவே மாட்டேங்குது. மாசக் கடைசிக்குள்ள தேறலைன்னா அனுப்பிருங்க," என்றார் மேனேஜர் திருமுருகன்.

"ஏன் தேறலைன்னு பாக்காம எப்படி சார் அனுப்புறது?"

"அப்பப் பாருங்க."

ரோஷன் அழகியின் பின்னால் நின்று பார்த்தாள். தையலில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு சட்டையை முடித்ததும் அழகி எழுந்தாள், உடம்பை முழுக்கத் திருப்பினாள், அதை வலது கையால் நீட்டினாள், பிறகு உட்கார்ந்தாள். அவளுக்கு இடப்பக்கம், அடுத்த மிஷினில் பக்கத் தையல் போடுகிறவள் ராசாத்தி; அழகியின் மாமியாருக்குத் தங்கை. ஒரே வேனில் வருகிறவர்கள் அடுத்தடுத்து உட்காருவது அங்கே வழக்கம்.

"ஏம்மா, எடது கையால அப்படியே தள்ளிவிட வேண்டியதுதானே?"

அழகி பதறிப்போனாள். "சின்னத்தைக்கா? நல்லாச் சொன்னீங்கக்கா! வீட்டுக்குப் போக வேணாமா நான்?"

நடுவில் ஒரு ஸ்டூல் போட்டுப் பார்த்தாள் ரோஷன். பெரியவள் குனிந்து எடுப்பதா என்று அழகி அதிலிருந்தும் எழுந்தே எடுத்துக் கொடுத்தாள்.

இருவரையும் மாற்றி உட்கார வைப்பது என்று முடிவு செய்தாள் ரோஷன். ராசாத்திக்கு இரண்டு வேலையும் தெரியும். அழகிக்குப் பக்கத் தையல் புதிது. சாப்பாட்டு நேரத்தில் கூடவே உட்கார்ந்து பழக்கினாள். ராசாத்தியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும் பாடாக இருந்தது.

"மருமவளுக்கு நான் எடுத்து நீட்டணுமா? நல்ல கதையா இருக்கே! ஒனக்கு லைன் நடத்தத் தெரியலைன்னா என்னைய ஏன் எறக்குற?"

"எறக்கலக்கா. கை இணைக்கிறதுதான் கஷ்டமான வேலை, அது ஒங்களுக்கு வரும். நீங்க மாறலைன்னா இவ வேலை போயி வீட்டுல இருப்பா. ஒங்க அக்கா யாருகிட்ட சண்டைக்கு வரும்?"

ராசாத்தி முறைத்தாள். மறுநாள் வேனை விட்டு இறங்கியதும் நேராக அழகியின் மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

மாசக் கடைசியில் திருமுருகன் வந்து நின்றார். "இன்னும் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு."

"கம்மிதான் சார். ஆனா வாரத்துக்கு வாரம் ஏறுது. அடுத்த மதிப்பீடு வரைக்கும் இவ என் பொறுப்பு. அப்பவும் தேறலைன்னா என்னையக் கேளுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் அழகியின் குரல் மிஷின் சத்தத்தையும் மீறி எழுந்தது.

"சின்னத்தே! சும்மா உக்காந்திருக்கேன். வெரசாத் தள்ளுங்க!"

"வாயப் பாரு இவளுக்கு," என்று ராசாத்தி இடது கையால் ஒரு சட்டையைத் தள்ளிவிட்டாள்.

திருமுருகன் சிரித்துவிட்டார். "சரி, இருக்கட்டும்," என்றார்.