கடைசியில் எழுதிய பெயர்

நான் மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, கடற்கரை வார்டு கவுன்சிலர் அடிக்கடி மனுவோடு வருவார். கழுத்தில் சிலுவை, வேர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டை. மனுவை நின்றபடியே வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார்.

புயலில் ஒரு படகு திரும்பாத அன்று, காணாமல்போனவர்களின் பட்டியலோடு வந்தார். நான்கு பெயர்களைப் படித்துவிட்டுத் தாளை நீட்டினார். தாளில் ஐந்தாவதாக ஒரு பெயர் இருந்தது. தகப்பன் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர்.

"ஒங்க மவனா அண்ணாச்சி? மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"சொந்தக் காரியத்துக்கு வந்தேன்னு நீங்க நெனச்சிரக்கூடாதுல்லா."

மூன்றாம் நாள், எங்கள் அலுவலகம் தேட அனுப்பிய வேறொரு படகு நால்வரை மீட்டுவந்தது. அவர் மகன் வரவில்லை. நால்வரையும் வீடுசேர்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நாலு பேரு வந்துட்டாவ. ரொம்ப நன்றி சார்."

கூப்பிய கைகளை அவர் வெகுநேரம் இறக்கவில்லை. ஒரு தகப்பனால் எப்படி அந்த நன்றியைச் சொல்ல முடிந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.