அப்பாவுக்குச் சேனை வைத்தவள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் மூத்தவர்கள் சிலர், எங்கள் அப்பாவின் கருமாதிக்கு இரண்டு முறை வந்தவர்கள். இரண்டு முறையும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். இந்தப் பாக்கியம் வேறு எந்தக் குடும்பத்தில் கிடைக்கும்? முதல் தடவைச் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டதாமே என்று அப்பாவே கடைசிவரை குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஆகையால் இதை அழுதுகொண்டு எழுத எனக்கு வரவில்லை. நான் அவருடைய மூத்த மகள், பள்ளிக்கூட ஆசிரியை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அப்பா சமயநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். மழை பொய்த்த ஒரு வருஷம், மதுரையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போய் வெள்ளைக்காரனின் படையில் சேர்ந்துவிட்டார். நான் பிறந்தபோது விடுப்பில் வந்து பத்து நாள் தூக்கி வைத்திருந்தாராம். அதன் பிறகு கப்பல் ஏறினார். சிங்கப்பூர் ஜப்பான்காரர் கையில் விழுந்தது. கடிதம் நின்றது. காணவில்லை, இறந்திருக்கலாம் என்று ஒரு காகிதம் மட்டும் வந்து சேர்ந்தது.

இரண்டு வருஷம் பார்த்தார்கள். இதற்கிடையில் சித்தப்பாவுக்குப் பெண் அமைந்தது. அண்ணன் காரியத்தை முடிக்காமல் தம்பி மாலை போடக்கூடாது என்றார்கள் பெரியவர்கள். அம்மாவைத் தாலியைக் கழற்றச் சொன்னார்கள்.

“ஒடம்பக் காட்டுங்க, கழட்டித் தாரேன். காயிதத்துக்கெல்லாம் நான் தாலி கழட்ட மாட்டேன்” என்றார் அம்மா.

அம்மாவை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் செய்தார்கள். சித்தப்பா மொட்டை போட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்து, எங்கள் கிணற்று மேட்டில் அப்பாவின் பெயரை வெட்டி ஒரு கல்லும் நட்டார். மறு மாதமே மாப்பிள்ளையும் ஆனார். “உங்கப்பா இந்தக் கல்லுக்குள்ளதான் இருக்காரு, தெனமும் தண்ணி ஊத்து” என்று என்னிடம் சொன்னவரும் அவர்தான். நான் சொன்னதைத் தட்டாத பிள்ளை. தினமும் சின்னச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவேன்.

எனக்கு ஐந்து வயது இருக்கும். சண்டை முடிந்திருந்தது. ஒரு மத்தியானம் ரயில் நிலையத்துப் பக்கமிருந்து வரப்பு வழியாக ஒருவர் நடந்து வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். கல்லுக்கு எதிரே நின்று, அதில் வெட்டியிருந்த பெயரைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

“யாருக்கு ஆத்தா தண்ணி ஊத்துற?”

“எங்கப்பாவுக்கு.”

“எனக்குத் தாகமா இருக்கு. ஒரு வாய் குடேன்.”

“மாட்டேன். இது எங்கப்பாவுக்கு மட்டுந்தான்” என்று சொல்லி, செம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அவர் கல்லில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், “ரெண்டுந்தான்” என்பார்.

வீட்டுக்கு வந்தால் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கருமாதி முடிந்துபோன ஆள் அப்படியே உள்ளே வரக்கூடாதாம். மறுபடி பிறந்துதான் வர வேண்டுமாம். வேப்பமரத்தில் அம்மாவின் சேலையைத் தூளியாகக் கட்டி, பட்டாளத்துச் சிப்பாயை அதில் உட்காரவைத்து மூன்று ஆட்டு ஆட்டினார்கள். காதில் பெயர் சொன்னார்கள். நானோ அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, “இவரு எங்கப்பா இல்ல, எங்கப்பா கல்லுக்குள்ள இருக்காரு” என்று ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தேன். அப்பாவின் முகம் வாடிப்போனதாம். மூன்றரை வருஷம் பிழைத்துக் கிடந்தது இந்தப் பிள்ளைக்காகத்தானே!

பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்புத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை என்போம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். யார் வைப்பது என்று பேச்சு எழுந்தபோது அம்மா என்னை இழுத்து முன்னால் விட்டார்.

“இவ வைக்கட்டும். வச்சிட்டா இவுக இவளுக்குப் புள்ள. பெத்த புள்ளைக்குத் தண்ணி இல்லேன்னு எவளாச்சும் சொல்லுவாளா?”

எனக்கு ஒரு பிள்ளை! என் வயதில் யாருக்கு அது கிடைக்கும்? உடனே கத்தலை நிறுத்திவிட்டேன். கருப்பட்டித் தண்ணீரில் விரலைத் தோய்த்து அவர் நாக்கில் வைத்தேன். அப்பா என் விரலை விடவே இல்லை. அவருடைய பிடிவாதமெல்லாம் நான் வைத்த சேனையில் வந்தது என்று அம்மா இப்போதும் சொல்கிறார். பழி என் மேல்தான்.

வெட்கத்தில் சித்தப்பா கடப்பாரையோடு கல்லைப் பிடுங்கக் கிளம்பினார். அப்பா தடுத்துவிட்டார். “கெடக்கட்டும்டா. பேரத் தப்பில்லாம வெட்டியிருக்க. என்னைக்கா இருந்தாலும் வேணுமில்ல?” பிறகு நாற்பது வருஷம், தண்ணீர் பாய்ச்சும்போது துண்டு போடவும், கஞ்சி குடிக்கச் சாய்ந்துகொள்ளவும் அவருக்கு அந்தக் கல்தான்.

ஜப்பான்காரரிடம் சிறையிருந்த கதையை அப்பா வேடிக்கையாகத்தான் சொல்வார். ஒரு தீவில் விமானம் இறங்கத் தளம் போட மண் சுமந்தார்களாம். சாப்பாடு ஒரு கைப்பிடிச் சோறும் மரவள்ளி இலையும். “தொரைமாரும் எங்களோட கோவணங் கட்டி மண்ணு சொமந்தாக. அந்த ஒரு காட்சிக்காகவே போயிட்டு வரலாம்” என்பார். முதுகில் இருந்த தழும்புகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விடுவார். மரவள்ளிக் கிழங்கு எங்கள் வாசற்படி ஏறியதே இல்லை.

முகாமில் தினமும் ஜப்பான் பாஷையில் எண்ண வேண்டுமாம், தவறினால் அறை. அந்த எண்ணிக்கை அவரை விட்டுப் போகவே இல்லை. எழுபதுகளில் நான் தல்லாகுளத்தில் குடியிருந்தபோது, சித்திரையில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்கு மொத்தக் குடும்பமும் என் வீட்டுக்கு வந்துவிடும். அந்தக் கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாதென்று எங்களை வரிசையாக நிறுத்தி, “இச்சி, நி, சான், சி, கோ” என்று உரக்க எண்ணுவார். அக்கம்பக்கத்தார் அதை ஏதோ மந்திரமென்று நினைத்துக் கும்பிட்டதும் உண்டு. எண்ணி முடித்ததும் அங்கேயே நீர்மோர்ப் பானையை இறக்கிவிடுவார். தாகமென்று வந்தவரை யார், எவர் என்று கேட்கக்கூடாது என்பது அவர் சட்டம். சொல்லும்போது என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

போன வருஷம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். ஆஸ்பத்திரியில் பத்து நாள் பார்த்துவிட்டு ஊருக்கே கூட்டிவந்தோம். சித்தப்பாவைக் கூப்பிட்டு, “டேய், போன தடவ மாதிரி அவசரப்படாத. நல்லாத் தொட்டுப் பாத்துட்டு, அப்புறம் காரியத்தப் பாரு” என்றார். சித்தப்பா, “போங்கண்ணே!” என்று சிரித்துக்கொண்டே தேம்பினார்.

மறுநாள் காலையில் என்னைத் தேடினார்.

“ஆத்தா, தாகமா இருக்கு.”

கருப்பட்டித் தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன்.

“மாட்டேன்னு சொல்லலையா?”

“இது எங்கப்பாவுக்கு மட்டுந்தான்” என்றேன்.

என் விரலைப் பிடித்துக்கொண்டார். உச்சிவேளைக்கு முன்னால் பிடி தளர்ந்துவிட்டது. அம்மா அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தார். “இப்பக் கண்ணால பாத்துட்டேன்” என்று சொல்லி, தாலியைத் தாமே கழற்றி வைத்தார்.

ஆஸ்பத்திரியில் தாங்கிப் பிடித்த மருத்துவருக்கும் நர்சம்மாக்களுக்கும், பதினாறு நாளும் எங்களைப் பசிக்கவிடாத ஊர்க்காரர்களுக்கும், அதே கல்லில் இம்முறை நிதானமாகத் தேதி வெட்டிக் கொடுத்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முதல் கருமாதிக்கு வந்தவர்களுக்கு அப்பா சார்பில் தனி நன்றி, உப்புக்கு மன்னிக்கவும்.

விடுமுறைகளில் ஊருக்குப் போனால் நான் மறுபடியும் செம்பை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போகிறேன். வரப்பில் யாராவது நடந்து வந்தால், ஊற்றாமல் அவர் கிட்டே வரும்வரை நிற்கிறேன். அவர் குடித்தது போக மிச்சம்தான் கல்லுக்கு.