மசாய்ப் பிள்ளைகளின் நெற்றி

போன கோடையில் எங்கள் ஜெபக்கூட்டத்தார் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலிலிருந்து கென்யாவுக்குப் போனோம். ஒரு மசாய் கிராமத்தில் பிள்ளைகள் ஓடிவந்து எங்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். பெரியவர்கள் உச்சியைத் தொடவேண்டும், அங்கே அதுதான் வணக்கம் என்று வழிகாட்டி என்னிடம் சொல்லி முடிப்பதற்குள், எங்கள் கூட்டத்தை நடத்துகிற அண்ணை ஒவ்வொரு நெற்றியிலும் எண்ணெயால் சிலுவை போட்டுவிட்டார். பிறகு ஈரத்தாளை எடுத்து விரல்களை அழுத்தித் துடைத்தார். எனக்குத் திரும்பிவரும்வரை அந்த மனுசனின் மூஞ்சியையே பார்க்கப் பிடிக்கவில்லை.

நேற்று லா சப்பல் சாப்பாட்டுக்கடையில் அண்ணை எல்லாருக்கும் கென்யாப் படங்களைக் காட்டினார்.

"பாருங்கோ, இயேசு வேணுமெண்டு தாங்களாவே தலை குனிஞ்சதுகள். நீர் பக்கத்திலைதானே நிண்டனீர், சொல்லும்."

வாயிலிருந்த கொத்துரொட்டியை விழுங்கினேன்.

"ஓம் அண்ணை" என்றேன்.